பதில் சொல்லாத நாற்பத்தொன்று

ஈப்போ பக்கத்துப் புந்தோங்கில் மோட்டார் ஓட்டுகிறவன் எவனாவது தோங்காட்டைத் தூக்காமல் கிளம்பிவிட்டால் அக்காவுக்குப் பொறுக்காது. மோட்டார் சைக்கிளின் பக்க ஸ்டாண்டைத்தான் நாங்கள் இங்கே தோங்காட் என்போம். அது கீழே நீட்டிக்கொண்டிருந்து, வளைவில் தரையில் இடித்தால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். மற்றவர்கள் ஒரு ஹாரன் அடிப்பார்கள், கையைக் காட்டுவார்கள், கேட்டால் கேள், கேட்காவிட்டால் போ என்று விட்டுவிடுவார்கள். அக்கா விடமாட்டார். தன் சின்னக் காரை அவன் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணாடியை இறக்கி, "தம்பீ! தோங்காட்!" என்று தொண்டை கிழியக் கத்துவார். அவன் பயந்துபோய் இன்னும் வேகமாகப் போவான். இவரும் போவார். ஒரு நாள் மத்தியானம் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கோயில், சந்தை, பஸ் நிறுத்தம் எல்லாவற்றையும் தாண்டி ஒருத்தனைத் துரத்தினார். அவன் தோங்காட்டைத் தூக்கிவிட்டுக் கையைக் காட்டிய பிறகுதான் திரும்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டுக் கடையில் மீன் தீர்ந்திருந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

"அக்கா, அவன் விழுந்தா அவன் பாடு. நமக்கு என்னா?"

"பாத்துட்டேன்லா தம்பி. பாக்காம இருந்திருந்தா பரவால்ல. பாத்துட்டு எப்படி சும்மா வாரது?"

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை அந்தப் பெயரைக் கெடுத்தது போதும். ஆபீசில் எல்லாருக்கும் அவர் அக்காதான். முதுகுக்குப் பின்னால் 'சைரன்'. அந்தப் பட்டப்பெயரை வைத்த புண்ணியவான் நான்தான்.

ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் ஏழு பேர். செம்பனை எண்ணெய் மில்லுகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பழைய எஸ்டேட்டுகளில் இருக்கும் மில்லுகள் அவை. பழக்குலைகளைப் பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, நீராவியில் வேகவைப்பார்கள். வெந்து முடிந்ததும் நீராவியை வெளியே விட்டு, உள்ளே அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகு கதவைத் திறக்க வேண்டும். இறங்கிவிட்டதா இல்லையா என்பதை எங்கள் புரோகிராம் சொல்லும். இறங்கவில்லை என்றால் சிவப்பு விளக்கு, இறங்கிவிட்டால் பச்சை. பார்த்தால் சின்ன வேலைதான்.

அந்தப் புரோகிராமை எழுதியவர் எங்களுக்கெல்லாம் முந்தியவர். எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். இருபது வருஷத்துக்கு மேல் அது ஒழுங்காக ஓடியது. பிறகு மில்லுகளில் பழைய கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. புதிதாக வாங்கியவற்றில் எங்கள் புரோகிராம் ஓடவில்லை. அதைப் புது கம்பைலரில் போட்டு எடுக்க வேண்டும் என்றார் பாஸ். கம்பைலர் என்பது நாங்கள் எழுதுவதை மிசினுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் இன்னொரு புரோகிராம். பழைய கம்பைலர் சொன்னதைச் செய்கிற ஆள். புதியது கெட்டிக்கார ஆள், கேள்வி கேட்கும். பழைய வரி ஒன்றைப் பார்த்து, இது என்ன, ஏன் இப்படி எழுதியிருக்கிறாய் என்று கேட்டு ஒரு வார்னிங் போடும். எரர் வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். வார்னிங் வந்தால் நிற்காது. அதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை.

முதல் தடவை ஓட்டியபோது அறுநூற்றுப் பதின்மூன்று வார்னிங் வந்தது. நான் சிரித்தேன். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒன்றிலிருந்து எண் போட ஆரம்பித்தார்.

"என்னாக்கா பண்றீங்க?"

"அறுநூத்துப் பதிமூணு தடவ ஏன்னு கேட்டிருக்குலா. பதில் சொல்லணும்ல?"

"ஒரே ஒரு வார்த்தை சேத்தா எல்லா வார்னிங்கும் மறைஞ்சிரும். எல்லா எடத்துலயும் அப்படித்தான் பண்றாங்க."

"மறையும் தம்பி. நானும் அந்த வார்த்தைய படிச்சிருக்கேன். மறைஞ்சா பதில் சொன்னதா ஆயிருமா?"

அந்தக் குழுவுக்குத் தலைவன் நான். வயதில் அவர் நாலு வருஷம் மூத்தவர், பதவியில் நான் மேலே. அது எனக்குத் தலைக்கனம், அவருக்கு ஒரு விஷயமே இல்லை. மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டார். ஒன்றில் பழைய கம்பைலர், இன்னொன்றில் புதியது. புதியது ஆபீசிலேயே அவருடைய மிசினில் மட்டும்தான் இருந்தது. ஒரே எண்ணை இரண்டுக்கும் கொடுத்து, இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒரு வார்னிங்குக்குச் சில நாள் பத்து நிமிஷம், சில நாள் முழுப் பகல். ஒரு வரியை முதல் ஆள் ஏன் அப்படி எழுதினார் என்று தெரியாமல் அதைத் தொடமாட்டார். ஓரிடத்தில் அந்த மனிதர் ஆங்கில எழுத்தில் தமிழாகவே 'கை வைக்காதே, பிறகு அழுவாய்' என்று எழுதி வைத்திருந்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு அரை நாள் சிரித்துக்கொண்டிருந்தார்.

நூறு தடவையில் தொண்ணூறு தடவை அவர் தேடிப் போனதில் ஒன்றும் இருக்காது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு கல்யாண மண்டபத்தில் கேஸ் நாற்றம் அடிக்கிறது என்று அடுப்பையெல்லாம் அணைக்கச் சொல்லி, பந்தியை முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார். கடைசியில் பார்த்தால் யாரோ கொண்டுவந்த டுரியான் பழத்தின் நாற்றம். பெண் வீட்டார் இன்றைக்கும் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். "ஆமாலா, மானம் போச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அடுத்த வாரமே வேறு எங்காவது போய்க் கத்திக்கொண்டு நிற்பார்.

ஆனால் சிம்பாங் பூலாயில் நடந்தது வேறு. கேமரன் மலைக்குப் போகிற பாதை பிரியும் இடம் அது. வேலை விஷயமாக நானும் அவரும் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் பலகை ஏற்றிய ஒரு லாரி, அதன் பின்பக்கக் கயிற்றில் ஒன்று அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அக்கா ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. கடைசியில் லாரிக்காரர் ஓரங்கட்டி, கையில் ஒரு இரும்புக் கம்பியோடு இறங்கி வந்தார். நான் என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். அக்கா கதவைத் திறந்து இறங்கிப் போய் லாரியின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார். அந்த மலாய்க்கார மனிதர் போய்ப் பார்த்தார், கம்பியைக் கீழே போட்டார். பலகையெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து ஒற்றைக் கயிற்றில் நின்றிருந்தது. எங்கள் காருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன் வந்துகொண்டிருந்தது. "தெரிமா காசி, காக்" என்று, நன்றி அக்கா என்பதை மலாயில் அவர் இரண்டு தடவை சொன்னார். திரும்பி வந்த அக்கா, "கொஞ்ச நேரம் நீ ஓட்டு தம்பி" என்று சாவியை என்னிடம் நீட்டினார். அவருக்கும் பயம் வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. புரோகிராமில் சின்ன மாற்றம் செய்து அனுப்பினாலும் சரி, மில்லுக்குத் தானே போன் போடுவார். ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்து மில்லில் அந்த இரும்புக் கதவைத் திறந்து மூடும் வேலையில் ஒரு அண்ணன் இருந்தார். அக்காவின் அப்பா பால் எடுக்க மரம் சீவிய ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர் அவரும்.

"அண்ணே, புதுசு போட்டிருக்கோம். ஒரு வாரத்துக்கு லைட்ட நம்பாதீங்க. செவுத்துல இருக்கிற கேஜ கண்ணால பாத்துட்டு அப்புறம் தெறங்க."

"சரி தங்கச்சி. பச்சையா சிவப்பான்னு போன் போட்டுக் கேக்குற ஒரே ஆளு நீதான்லா."

ஒரு வாரம் அவர் சுவரில் உள்ள, அழுத்தத்தை முள்ளால் காட்டும் கேஜைப் பார்ப்பார். பிறகு அக்கா மறுபடி போன் போட்டு, எல்லாம் சரி என்றால், இனி லைட்டை நம்பலாம் என்று சொல்லுவார். இதை யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் வேலை முறையில் எங்கேயும் எழுதியும் இல்லை. இது என்ன குடும்ப விசாரிப்பா என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

தைப்பூசம் வந்தது. அக்கா பால்குடம் எடுக்க நேர்ந்திருந்தார், நாலு நாள் லீவு. அதற்குள் ஐந்நூற்று எழுபத்திரண்டு வார்னிங்குகளுக்குப் பதில் எழுதி முடித்திருந்தார். பாக்கி நாற்பத்தொன்று. போகும்போது தன் மிசினின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்தார். அப்படிக் கொடுக்கக் கூடாது என்பது கம்பெனி விதி.

"அவசரம்னா மட்டும் தொறந்துக்க. அந்த நாப்பத்தொண்ணையும் நான் இன்னும் பாக்கல தம்பி. அத அனுப்பிறாத."

வியாழக்கிழமை பாஸ் கூப்பிட்டார். ஹுத்தான் மெலிந்தாங் மில்லில் பழைய கம்ப்யூட்டர் மொத்தமாகப் படுத்துவிட்டது, புதியது தயாராக இருக்கிறது, நம் புரோகிராம் எங்கே என்று கேட்டார். "முடியலையா இன்னும்? நீ லீடர்தானே?" என்றார். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. முடிந்துவிட்டது பாஸ், இன்றைக்கே அனுப்புகிறேன் என்றேன். அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் பெயரில் உள்ளே போய், அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். திரை துடைத்துவிட்டதுபோல் சுத்தமானது. உள்ளதைச் சொன்னால், அப்போது எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. இதற்கா இத்தனை மாதம் என்று நினைத்தேன். அனுப்பிவிட்டு, கீழே போய் வெள்ளைக் காப்பி குடித்தேன். மில்லுக்குப் போன் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அது சைரன் வேலை, எனக்கு எதற்கு என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை அக்கா விபூதியும் ஒரு டப்பா சர்க்கரைப் பொங்கலுமாக வந்தார். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணும் எங்க?"

"சரி பண்ணி அனுப்பிட்டேங்க்கா."

அவர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்டார். "வாயக் கட்டி அனுப்பிட்டியா?" என்றார், திட்டுகிற குரலில்கூட இல்லை. போனை எடுத்து அண்ணனின் நம்பரைப் போட்டார். வேறு யாரோ எடுத்தார்கள். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை மேசையில் வைத்தார். பொங்கல் டப்பாவின் மூடியை எடுத்து மூடினார், சரியாக மூடவில்லை, மறுபடி மூடினார்.

"அண்ணன் ஆஸ்பத்திரியில. ஞாயித்துக்கெழம காலையில. பச்ச எரிஞ்சிச்சாம், நம்பிக் கதவ தெறந்துட்டாராம்."

அந்த நாற்பத்தொன்றில் ஒன்றுதான் அது. அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் வயர் அறுந்துபோனால், அது தாறுமாறாகப் பெரிய எண்ணை அனுப்பும். அதோடு இன்னொன்றைக் கூட்டும்போது எல்லை தாண்டி, பழைய மோட்டார்களில் மைல் மீட்டர் சுற்றி வந்து பூச்சியத்தில் நிற்குமே, அந்த மாதிரி சுற்றிக்கொண்டு, பூச்சியத்துக்கும் கீழே இறங்கிவிடும். அழுத்தமே இல்லை என்று புரோகிராம் நினைத்துக்கொள்ளும். இதைத் தெரிந்துதான் அந்த முதல் ஆள் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். கூட்டிய பிறகு எண் குறைந்திருந்தால் சென்சார் செத்துவிட்டது, சிவப்பைப் போடு. புது கம்பைலர் அந்த வரியைப் பார்த்தது. கூட்டினால் எண் எப்படிக் குறையும், குறையவே குறையாது, ஆகையால் இந்த வரி தேவையில்லை என்று தானே முடிவு செய்து எடுத்துவிட்டது. எடுக்கிறேன் என்று ஒரு வார்னிங்கும் கொடுத்தது. நாங்கள் எழுதியதில் அந்த வரி பத்திரமாக இருந்தது. மில்லுக்குப் போனதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வயர் அறுந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பாஸ் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டரே குறித்து வைத்துக்கொள்ளும். வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, அக்காவின் பெயர்.

"உன் பேருதானே?"

"என் பேருதான் பாஸ். நான் போடல."

"லீவுலயும் வீட்டுலேருந்தே ஆபீஸ் மிசினுக்குள்ள வந்து வேலை பாக்குற ஆளு நீ. நீ போடலன்னா யாரு போட்டா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மேசை மேலிருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தேன்.

"பாஸ்வேர்ட கையில குடுத்தது என் தப்பு, அத ஒத்துக்கிறேன். மத்தத போட்டவங்ககிட்ட கேளுங்க. அவங்க வாயால சொல்லட்டும்."

பாஸ் என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதும் தெரியுமா?"

"தெரியல பாஸ்."

என் மனைவி அப்போது எட்டு மாதம். அதைக் காரணமாகச் சொல்லலாம், பல தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த நிமிஷம் மனைவியோ பிள்ளையோ ஞாபகத்தில் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. பாஸுக்கும் புரிந்திருக்கும் என்றே இன்றுவரை நினைக்கிறேன். கம்பெனிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, கிடைத்துவிட்டது, அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் வேலையை விட்டு நிற்கும்படி அக்காவிடம் சொன்னார்.

அண்ணனைப் பார்க்க நான் ஒரே ஒரு தடவை போனேன். வலது கை முழுக்கக் கட்டு, கழுத்திலும் கன்னத்திலும் மருந்து. நான் யார் என்று சொன்னதும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அந்தத் தங்கச்சி எப்பவும் போன் போடும் தம்பி. புதுசு வந்தா போன் வரும், போன் வந்தா நான் கேஜ பாப்பேன். இந்தத் தடவ கம்ப்யூட்டர் மட்டும் மாத்துனாங்க, போன் வரல. அப்ப உள்ள அதே பழசுதான்னு நெனச்சிட்டேன்லா."

கொண்டுபோன ஆப்பிள் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவருடைய விரல்கள் இனி முழுதாக மடங்காது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த இரண்டு வாரமும் அக்கா தினமும் வேலைக்கு வந்தார். வேறு யாராக இருந்தாலும் மேசையைக் காலி செய்துகொண்டு போயிருப்பார்கள். நான் சேர்த்த வார்த்தையை எடுத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து உட்கார்ந்தார். அந்த சென்சார் வரியைப் புது கம்பைலர் எடுக்க முடியாதபடி வேறு விதமாக எழுதினார். சென்சார் அறுந்தால் வரும் எண்ணை இரண்டு மிசினுக்கும் நூறு தடவை கொடுத்துப் பார்த்தார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று எழுதிக்கொண்டே போனார். சாயங்காலமானால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்.

தினமும் காலையில் என் மேசையைத் தாண்டும்போது ஒரே ஒரு தடவை, மெல்லக் கேட்பார்.

"சொல்லிட்டியா தம்பி?"

"சொல்றேங்க்கா."

அவ்வளவுதான், மறுநாள் காலை வரை அந்தப் பேச்சே இருக்காது. ஐந்தாம் நாளிலிருந்து நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதுவும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் உதடு அசைவது கண்ணின் ஓரத்தில் தெரியும்.

கடைசி நாள் அவர் ஓட்டிக் காட்டியபோது திரையில் ஒரு வார்னிங்கும் இல்லை, எதையும் மறைக்கவும் இல்லை. நோட்டுப் புத்தகத்தை என் மேசையில் வைத்தார். அன்றைக்கு அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காதது நிம்மதியாக இருந்தது என்று எழுதவே இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐந்து மணிக்கு நான் அவருக்கு முன்னாலேயே இறங்கி வந்து மோட்டாரைக் கிளப்பினேன். கடைவரிசை ஓரமாக முப்பது அடி போயிருப்பேன். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். கண்ணாடியில் பார்த்தேன், அக்கா. ஒரு கையில் சாமான் பை, இன்னொரு கையில் கழன்ற செருப்பு. வந்துவிட்டது, நடுத்தெருவில் எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். நியாயம்தான், கேட்கட்டும் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. பிரேக்கைப் பிடித்தேன்.

"தம்பீ!" என்று கத்தினார். மூச்சு வாங்கியது அவருக்கு. "தோங்காட்! தோங்காட்டத் தூக்குலா!"

குனிந்து பார்த்தேன். நீட்டிக்கொண்டிருந்தது. முன்னால் இருபது அடியில் பெரிய சாலைக்கு வளைவு.

அவர் அங்கேயே நின்றார். என்னிடம் வேறு எதற்காகவும் அவர் ஓடி வரவில்லை. பதினைந்து அடி தூரம்தான். மோட்டாரை நிறுத்தி, வாங்கக்கா, மேலே போவோம், பாஸிடம் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பாஸ் இன்னும் ஆபீசில்தான் இருந்தார், மாடியில் விளக்கு எரிந்தது.

நான் காலால் தோங்காட்டைத் தட்டித் தூக்கினேன். கையை மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டேன்.